அத்தானுக்கு அக்கா எடுத்த டியூஷன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் என் அக்கா வீட்டிலிருந்து எடுத்தேன். 'எடுத்தேன்' என்று மரியாதையாகச் சொல்கிறேன், அக்கா இதற்கு வைத்திருக்கும் சொல் வேறு.

"வீட்ல யாருக்கு என்ன ஆனாலும் நீ பேனாவைத் தூக்கிட்டு வந்துடுவியேடா" என்றாள். பிறகு, "சரி, எழுது. ஆனா நான் பார்க்காம ஒரு பக்கமும் வெளிய போகக் கூடாது" என்றாள்.

அக்கா வீட்டில் டியூஷன் எடுப்பவள். அவள் பார்ப்பது என்றால் சிவப்பு மையால் பார்ப்பது. முதல் நான்கு பகுதிகளையும் அவள் திருத்தித் தந்திருக்கிறாள். சில இடங்களில் அவள் ஓரத்தில் எழுதியதை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அவளுக்கும் இந்தக் கதையில் பேச உரிமை இருக்கிறது.

இதை நான் எழுத ஒரே காரணம் பயம். எழுதினால் பயம் இறங்கிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். ஒரு பக்கம் முடியப்போகிறது, அது இன்னும் நெஞ்சுக்குழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

2

தொடக்கம் எனக்குச் சட்டென்று அமையவில்லை. எழுதிப் பார்த்தவை இவை.

'அன்று காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில்—'

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாங்கள் காத்திருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

'மூத்திரப்பையில் வரும் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது மிக அபூர்வம். அப்படியே பரவினாலும், அது ஒற்றைக் கட்டியாக இருக்கும்போது அறுவை சிகிச்சை—'

(இது நல்லா இருக்கு. விஷயம் இருக்கு. ஏன் அடிச்சே? — அக்கா)

பாடப்புத்தகம் மாதிரி இருப்பதால் அடித்தேன்.

'என் அத்தானுக்குப் பேச்சில் யாரிடமும் தோற்கப் பிடிக்காது.'

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

அத்தான் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் நிறம் கலக்குகிறவர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்றால் அத்தான் வாளியும் தூளுமாக உட்கார்ந்துவிடுவார். அது வரும்வரை எழுந்திருக்க மாட்டார். இள வயதில் கையுறை போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அந்தத் தூளுக்கும் மூத்திரப்பையில் வரும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அதற்குள் மூத்திரப்பையையே எடுத்தாகிவிட்டது. வயிற்றின் ஓரத்தில் ஒரு பை தொங்கவிட்டார்கள். அத்தான் அதற்கும் ஒரு பேர் வைத்து, "சின்னவன் நிறைஞ்சுட்டான், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். நாங்கள் சிரிப்போம். சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்துகொண்டிருந்தன, அதனால் சிரிக்க முடிந்தது.

பிறகு ஒரு நாள் குளித்துவிட்டு வந்து அக்காவிடம் சீப்பைக் கேட்டார். அவள் சீப்பைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்ல, துவட்டுறது" என்றார். துண்டைத்தான் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பட்டறையில் பச்சைத் தூளை எடுக்கச் சொல்ல வந்து, 'மேசை' என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி அறுவை மருத்துவர் விரலால் காட்டினார். தலையின் இடது பக்கம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"மூத்திரப்பையில வர்றது நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும். இங்க வர்றது ரொம்ப அபூர்வம். வேற எங்கயும் இல்ல, இது ஒண்ணுதான் இருக்கு. அதனால எடுத்துடலாம். ஆனா பேச்சு இருக்குற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு."

அத்தான் படத்தை நன்றாகப் பார்த்தார். "கீழ் வீட்டைக் காலி பண்ணினோம் டாக்டர். மாடிக்குக் குடி வந்துட்டான்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா அவரை முறைத்தாள், டாக்டரைத்தான்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாவிட்டால் பின்னால் எங்களுக்கு ஏன் குலை நடுங்கியது என்று உங்களுக்குப் புரியாது.)

இந்த அறுவையை நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். மயக்கத்தில் மண்டையைத் திறந்துவிட்டு, பிறகு எழுப்புவார்களாம். மூளைக்கு வலி தெரியாதாம்.  பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். சின்ன வயது, நிதானமான குரல்.

"நான் அவர் முகத்துக்கு நேரா உட்கார்ந்து ஒவ்வொரு படமா காட்டுவேன். அவர் பேர் சொல்லிட்டே இருப்பார். டாக்டர் வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இடத்தையும் லேசான கரண்ட்டால தொட்டுப் பார்ப்பார். தொடும்போது அவருக்குப் பேர் வரலைன்னா, அது பேச்சு இருக்குற இடம். அங்க கத்தி போகாது."

"பேர் வந்துட்டா?"

"வெட்டலாம்."

"அவருக்கு இப்பவே சில பேர் வர மாட்டேங்குதே."

"அதுக்குத்தான் முன்னாடியே டெஸ்ட் பண்றோம். இப்ப எந்தப் படத்துக்கு முழிக்கிறாரோ அதை எடுத்துப் போட்டுடுவேன். சட்டுனு வர்ற பேரு மட்டும்தான் உள்ள வரணும். தெரியாத படம் ஒண்ணு தப்பி வந்துடுச்சுன்னா, அவர் பாட்டுக்கு முழிப்பார். டாக்டர் அதைப் பார்த்துட்டு நிறுத்த வேண்டாத இடத்துல நிறுத்திடுவார். கட்டி அங்கேயே தங்கிடும்."

அக்கா அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் பயிற்சிப் பெண் அத்தானின் கட்டில் அருகே உட்கார்ந்து முதல் படத்தைக் காட்டத் தொடங்கியிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அக்காவின் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ஒரு பெண் கேள்வி கேட்கிறாள், தன் புருஷன் பதில் தெரியாமல் முழிக்கிறார்.

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். எழுதியதை அவள் மூன்று முறை திருத்தினாள்.

அன்று அத்தான் நிறையப் படங்களுக்கு முழித்தார். பயிற்சிப் பெண் கட்டிலைத் தட்டிக்கொடுத்து, "இன்னைக்கு ரொம்பக் களைப்பா இருக்கீங்க. வீக்கம் குறைய ஊசி போட்டிருக்காங்க. நாளைக்குக் காலைல மறுபடி ஒரு தடவை பார்த்துடலாம்" என்றாள்.

மறுபடி ஒரு தடவை. டியூஷன் டீச்சருக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்.

அக்கா அத்தானுக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் படங்களையும் போனில் வீடியோவாகப் பிடித்து வைத்திருந்தாள். முதலில் வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பத்தான் பிடித்தாளாம், 'அப்பா எவ்வளவு நல்லாப் பேசறார் பாரு' என்று. (இது பொய் இல்லை. — அக்கா) மாலை வார்டில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"இது என்ன?"

"ஏணி."

"இது?"

"..."

"ச..."

"சல்லடை."

"இது?"

"அம்மாடி, எனக்கு ஆபரேஷனா பரீட்சையா?"

"வாயை மூடிட்டு படிங்க."

"வாயை மூடிட்டு எப்படி பேர் சொல்றது?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. தெரியாத ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். நங்கூரத்துக்கு அவர்கள் கல்யாணமான புதிதில் ஏறிய படகு. கத்தரிக்கோலுக்குத் தையல்காரர் வீட்டு வாசலில் மாட்டியிருந்த பலகை. அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வார்டுப் பெண் வந்து நேரம் முடிந்தது என்று சொல்லும்போது அவர் ஒரு படத்துக்கும் தடுமாறவில்லை.

காலையில் பயிற்சிப் பெண் வந்தாள். அத்தான் கடகடவென்று ஒப்பித்தார். "ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு படத்தையும் எடுத்துப் போடவில்லை.

இந்த இடத்தில் நான் அக்காவை எழுதியிருக்கும் விதத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இதைப் படிக்கிற நீங்கள் அக்காவை விவரம் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். நினைக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் தேறாதது என்று தள்ளிவிட்ட பிள்ளைகள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். ஒரு ஆள் கேள்விக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் எழுத்தையாவது எடுத்துக் கொடுத்துவிடுவாள். தான் எடுத்துக் கொடுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

(நான் அப்படி எடுத்துக் குடுக்கறதே இல்லை. — அக்கா)

(குடுக்கறே அக்கா.)

5

இங்கிருந்து எழுதியதை அக்கா இன்னும் திருத்திப் பார்க்கவில்லை.

காத்திருப்பு அறை. சுவரோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகள். ஒரு மூலையில் தண்ணீர்க் குடுவை, அதன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே அறுவை அரங்கின் கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அத்தானை உள்ளே தள்ளிக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் இரண்டு முறை எழுந்துபோய் அந்தக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டேன். அக்கா மட்டும் ஏதோ பிள்ளையைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதடா. நூத்துக்கு நூறு வாங்குவார் பாரு."

"எதுல?"

"அந்தப் படத்துல தான். மொத நாள் திணறிட்டார். பாவமா இருந்துச்சு. சாயங்காலம் உட்கார வெச்சு ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்துட்டேன். காலைல அந்தப் பொண்ணே அசந்துட்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, பயிற்சிப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வரிசையாக வந்து நின்றது. தெரியாத படம் ஒன்று தப்பி உள்ளே வந்துவிட்டால். நிறுத்த வேண்டாத இடத்தில் நிறுத்திவிட்டால். ஒன்று இல்லை, அத்தனையும் உள்ளே போயிருக்கின்றன. ஒரு மாலை நேரத்தில் ஒட்டவைத்த பேர்கள். மண்டை திறந்திருக்கிற நேரத்தில் அவை ஒட்டிக்கொண்டிருக்குமா?

இந்த இடத்தை நான் முதலில் இப்படி எழுதினேன்:

'நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று—'

கதைக்கு இது வசதி. மௌனம், குற்ற உணர்வு, ஆழம், எல்லாம் வரும். ஆனால் உள்ளே படுத்திருப்பது என் அத்தான். என் கதை ஆழமாக இருப்பதற்காக அவர் தலைக்குள் கட்டியை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

சொன்னேன். சுருக்கமாக, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அப்ப தெரியலைன்னு சொல்றதுதான் சரியான பதிலா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமா."

"அப்படி ஒரு பரீட்சை இருக்கும்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

அவள் எழுந்து நேராகக் கதவுக்குப் போய் மணியை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

6

கதவைத் திறந்த நர்ஸ் கடிந்துகொண்டாள். "ஆபரேஷன் நடக்குதும்மா. இப்படி அடிக்கக் கூடாது."

"படம் காட்டுற பொண்ணு இருக்காங்கல்ல, அவங்களைக் கூப்பிடுங்க. நான் தப்பு பண்ணிட்டேன். வெட்டுறதுக்குள்ள கூப்பிடுங்க."

நர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடினாள்.

பயிற்சிப் பெண் பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக வந்தாள். அக்கா சொல்லி முடித்ததும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஊசியால தேறிட்டார்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக. "இப்பதான் எழுப்பிட்டிருக்காங்க. இன்னும் தொடல. எதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அக்கா சொல்லத் தொடங்கினாள். சல்லடை. நங்கூரம். கத்தரிக்கோல். தராசு. கூடாரம். எது அவருக்கு முழுக்கத் தெரியாமல் இருந்தது, எது பாதி தெரிந்தது, எதற்கு எந்த அடையாளம் சொன்னாள் என்பது உட்படச் சொன்னாள். முப்பது பிள்ளைகளில் எவன் எந்த வாய்ப்பாட்டில் தடுக்குவான் என்று சொல்கிற அதே குரல், ஆனால் கை மட்டும் கதவின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தது. பயிற்சிப் பெண் தன் கையிலிருந்த டேப்லெட் திரையில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். பாதிக்குப் பாதி போனது.

"வேற ஏதாவது விட்டுப் போச்சா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. மீதி எல்லாம் அவருதான்."

கதவு மூடியது. அக்கா நாற்காலிக்குத் திரும்பி வந்து, "மீதி இருக்குறது போதுமா அவங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

(இங்கே கதை முடிந்திருக்கலாம். தவறு நடந்தது, தக்க நேரத்தில் சரிசெய்யப்பட்டது, கதவு மூடியது. பத்திரிகைக்குச் சரியான நீளம். நானும் இங்கே முடிந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.)

7

கதவு மறுபடி திறந்தது.

பயிற்சிப் பெண் முகமூடியைக் கீழே இழுத்திருந்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

"நல்லாப் போயிட்டிருக்கு. கட்டி கிட்டத்தட்ட எல்லாமே வந்துடுச்சு. நல்லாப் பேசுறார். டாக்டரை மேஸ்திரின்னு கூப்பிடுறார்."

அக்கா பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாக ஏதோ சத்தம் போட்டாள்.

"கடைசி ஓரம் ஒண்ணு பாக்கி. அவர் ரொம்பக் களைச்சுட்டார், இனிமே அதிக நேரம் கேள்வி கேட்க முடியாது. அந்த இடத்தைத் தொட்டா மத்த படத்துக்குப் பேர் சொல்லிடுறார், கொஞ்சம் மெதுவா. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் நின்னுடுறார். ரெண்டு தடவை காட்டியாச்சு, ரெண்டு தடவையும் நின்னுட்டார்."

"எது?"

"புனல்."

அக்கா தான் சொன்னவற்றை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுல அது இல்ல. அது அவருக்குச் சொந்தமா தெரிஞ்ச பேருன்னா, டாக்டர் அந்த ஓரத்தை விட்டுடுவார். நீங்க சொல்லிக் குடுத்ததுன்னா அதைக் கணக்குல எடுத்துக்காம மீதியையும் எடுத்துடுவார். அது உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும்."

எனக்கு உடனே வாயில் வந்தது, பட்டறையில் நாள் முழுக்கப் புனலோடு இருந்தவர் அவர், அது அவர் பேர்தான் என்று. சொல்லப்போனேன். ஆனால் சீப்பையும் துண்டையும்கூட அவர் நாள் முழுக்கப் பார்த்தவர்தான். வாயை மூடிக்கொண்டேன்.

"மொத நாள் அதுக்கு முழிச்சார்" என்றாள் அக்கா. "சாயங்காலம் காட்டினேன். சொல்லிட்டார்."

"மொத நாள் முழிச்சது களைப்பாக்கூட இருக்கலாம். சாயங்காலம் அவராவே சொன்னாரா?"

"அவராத்தான்... நான் படத்தைக் காட்டினேன். அவர் கையை இப்படிக் குவிச்சார். ஊத்துற மாதிரி. நான்..." அக்கா தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். "நான் 'பு'ன்னு சொன்னேனா?"

பயிற்சிப் பெண் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இவன் எப்பவும் சொல்லுவான், நான் பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுப்பேனாம். எனக்கே தெரியாம எடுத்துக் குடுப்பேனாம். சொன்னேனா இல்லையா? டேய், சொல்லுடா, நான் சொல்லியிருப்பேனா?"

"நான் அங்க இல்லக்கா."

"இல்லதான். நீ எங்க இருந்தே!"

பயிற்சிப் பெண் அக்காவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான். ஆனா இப்பவே சொல்லணும்."

என் அக்கா யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும், "நாளைக்கு வா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, படித்துவைத்து மறுநாள் சொல்வாள்.

"தெரியல" என்றாள்.

"சரி. அப்ப அவருக்குத் தெரிஞ்ச பேருன்னே வெச்சுக்கணும். அந்த ஓரத்தைத் தொட மாட்டாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அக்கா கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

8

மாலையில் அறுவை மருத்துவர் வந்து சொன்னது இதுதான். கட்டி வந்துவிட்டது. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு விளிம்பை விட்டிருக்கிறார்கள். பேச்சுப் போய்விடக் கூடாது என்பதற்காக. அதற்குக் கதிர் சிகிச்சை கொடுப்பார்கள். அது அந்த விளிம்பைச் சுட்டுவிடலாம், சுடாமலும் போகலாம். சில மாதங்கள் கழித்து ஸ்கேன் சொல்லும். "விட்டது சரியான முடிவு" என்றார். அவருக்கு அது சரியான முடிவுதான். அவர் கையில் இருந்த பதிலுக்கு வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

இனி முடிவு. வழக்கமாக இந்த இடத்தில் என்னிடம் இரண்டு மூன்று முடிவுகள் இருக்கும், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்வேன். இப்போதும் எழுதிப் பார்த்தேன்.

'ஸ்கேன் சுத்தமாக வந்தது. அத்தான் பட்டறைக்குத் திரும்பிப் போய்—'

கை கூசுகிறது. இது கதை இல்லை, நேர்த்திக்கடன்.

'விளிம்பு வளரத் தொடங்கியிருந்தது. அக்கா அன்றோடு டியூஷன் எடுப்பதை—'

இதை எழுதும்போது பேனாவைத் தூக்கி எறிந்தேன். எறிந்துவிட்டுப் போய் எடுத்துவந்தேன். எழுதியதால் நடந்துவிடுமோ என்று இந்த வயதில் எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

9

அதனால் முடிவு இல்லாமல் இன்றைக்கு இருக்கிற நிலவரத்தை மட்டும் எழுதுகிறேன். அக்கா வீட்டு டியூஷன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா வெளியே போயிருக்கிறாள். அத்தான் வீட்டுக்கு வந்து சில நாட்கள் ஆகின்றன. மொட்டைத் தலை, காதுக்கு மேலே வளைவாகத் தையல். பேசுகிறார். சில நேரம் மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. என்னைக் கண்டதும், "வாய்யா மாப்ளே, என் தலைக்குள்ள என்ன கதை கிடைச்சுச்சு?" என்றார். அடுத்த வாரம் கதிர் சிகிச்சை.

நேற்று அக்கா சமையலறையில் பெரிய கேனிலிருந்து எண்ணெயைப் பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். நேராக, கேனைச் சாய்த்து. பாதி மேடையில் வழிந்தது.

"புனல் என்னாச்சு?" என்றேன்.

அவள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். எண்ணெய்க் கையோடு. கூடத்தில் அத்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். அவர் கண்ணுல படக் கூடாது."

"ஏன்க்கா?"

"பார்த்துட்டு டக்குனு புனல்னு சொன்னார்னா, அது அவர் பேரு. அவங்க நிறுத்தினது சரி. சொல்லாம கையைக் குவிச்சார்னா..." அவள் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். "அந்த ஓரத்தை எடுத்திருக்கலாம்டா. நான் கெடுத்துட்டேன்."

ஆபரேஷன் ஆன தலை, வீக்கம் இருக்கும், இப்போது பேர் வராவிட்டால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வீட்டுக்குக் கிளம்பும்போது பயிற்சிப் பெண்ணே அப்படித்தானே சொன்னாள் என்றெல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நான் பார்த்துட்டா, எனக்கு அது மட்டும்தான் காரணமா இருக்கும்."

இதை எழுதி முடித்து இந்தப் பத்தியைத் தொடங்கும்போது சமையலறையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தான் நிற்கிறார். நேற்று மேடையில் வழிந்த எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. காலமெல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் சாயம் ஊற்றியவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு கையில் கேன், இன்னொரு கையில் காலிப் பாட்டில். இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. அலமாரித் தட்டுகளில் மேலும் கீழும் கண்ணாலேயே தேடுகிறார்.

"மாப்ளே, உங்க அக்கா அதை எங்க வெச்சிருக்கா?"

அதை.

நீங்களும் நானும் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். அதைக் கொடு, இதை எடு. பேர் நன்றாகத் தெரியும், சொல்லச் சோம்பல், அவ்வளவுதான். அவருக்கும் அவ்வளவுதானா?

நான் 'எதை?' என்று கேட்டால் போதும். அவர் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கலாம். அல்லது கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் குவிக்கலாம். எப்படியானாலும் சாயங்காலம் அக்கா கதவைத் திறந்து உள்ளே வரும்போது என் முகம் அவளுக்குச் சொல்லிவிடும். முகத்தைப் பார்த்தே கணக்குத் தப்பு என்று கண்டுபிடிக்கிறவள் அவள்.

அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுதுகிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்.

"என்ன மாப்ளே, காது கேக்கலியா?"

கேட்கிறது அத்தான்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அவர் யார், அக்கா யார், எதற்காகப் பயப்படுகிறோம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் கேளுங்கள்.